மோனா, ரூகனா, ஸ்டெவ்ன்ஸா: உதிர்ந்துகொண்டிருக்கும் வெள்ளைப் பாறைகளை எங்கே போய்ப் பார்ப்பது?

பால்டிக் கடலின் மேற்கு ஓரத்தில், ஒன்றுக்கொன்று அதிக தூரமில்லாத மூன்று தீவுகளில், வெள்ளை வெளேரென்ற சுண்ணாம்புப் பாறைகள் கடலோரத்தில் செங்குத்தாக நிற்கின்றன. டென்மார்க்கின் மோன் தீவில் மோன்ஸ் கிளிண்ட், ஜெர்மனியின் ரூகன் தீவில் யாஸ்முண்ட் தேசியப் பூங்கா, கோபன்ஹேகன் நகரம் இருக்கிற அதே ஸீலாந்துத் தீவில் ஸ்டெவ்ன்ஸ் கிளிண்ட். மூன்றுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். படத்தில் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும், அதனால்தான் எங்கே போவது என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். நேரில் மூன்றும் மூன்று விதம். மூன்றுக்கும் போயிருக்கிறேன், அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் மோனுக்குப் போங்கள். படி ஏறி இறங்க முடியாதவர் கூட வருகிறார் என்றால் ரூகன். கோபன்ஹேகனில் ஒரே ஒரு நாள்தான் மிச்சம் இருக்கிறது என்றால், அல்லது டைனோசர்கள் ஏன் அழிந்தன என்ற கதையில் உங்களுக்கு ஈடுபாடு இருந்தால், ஸ்டெவ்ன்ஸ்.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பேசியாக வேண்டும், ஏனென்றால் எந்தத் தீவு, எந்த மாதம், மேலே நடப்பதா கீழே நடப்பதா என்ற எல்லா முடிவுகளும் அதிலிருந்துதான் வருகின்றன. இந்தப் பாறைகள் இடிந்துகொண்டே இருக்கின்றன. இடிவதால்தான் வெள்ளையாகவும் இருக்கின்றன. கடல் அடிப்பகுதியை அரிக்கிறது, மேலே இருப்பது பிடிமானம் இழந்து சரிகிறது, புது முகம் வெளியே வருகிறது. சரிவது நின்றுவிட்டால் கொஞ்ச காலத்தில் புல்லும் புதரும் ஏறி அந்த முகம் பச்சையாக மூடிக்கொள்ளும். அப்படி மூடிக்கொண்ட பகுதிகளை மோனிலேயே பார்க்கலாம். ஆகவே பார்க்கப் போகிற அழகும் அங்கே இருக்கிற ஆபத்தும் ஒரே காரணத்திலிருந்து வருபவை, இரண்டையும் பிரிக்க முடியாது.

பெரிய சரிவுகள் நடந்த தேதிகளைக் கொஞ்சம் வரிசையாகப் பாருங்கள். ஸ்டெவ்ன்ஸில் ஹோயரூப் பழைய தேவாலயத்தின் ஒரு பகுதி கடலில் விழுந்தது 1928 மார்ச்சில். மோனில் 102 மீட்டர் உயரத்தில் கூம்பாக நின்ற சோமர்ஸ்பிரெட் சரிந்தது 1988 ஜனவரியில். ரூகனில் புகழ்பெற்ற விஸோவர் கிளிங்கன் முனைகள் போனது 2005 பிப்ரவரியில், ஏறத்தாழ 50,000 கன மீட்டர் சுண்ணாம்பு ஒரே நாளில் கடற்கரைக்கு வந்தது. அடுத்த மாதமே அதே தீவின் லோமே ஊரில் இன்னொரு பெரிய சரிவு. மோனின் ஸ்டோரே டாலர் பகுதி 2007 ஜனவரியில் சரிந்து, கடலுக்குள் 300 மீட்டர் நீளத்துக்கு ஒரு புது முனையையே உண்டாக்கியது. ரூகனின் வடக்கு நுனியான ஆர்கோனா முனையில் கடற்கரையில் நடந்துகொண்டிருந்த குடும்பத்தின் மேல் சரிவு விழுந்து பத்து வயதுச் சிறுமி உயிரிழந்தது 2011 டிசம்பர் 26 அன்று. எல்லாமே டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில். இது தற்செயல் இல்லை. சுண்ணாம்பு நுண்துளைகள் நிறைந்த கல், இலையுதிர் கால மழையை அப்படியே குடித்து வைத்துக்கொள்ளும். குளிரில் அந்த நீர் உறைந்து விரிந்து பிளவுகளை அகலமாக்கும், உருகும்போது இறுக்கிப் பிடித்திருந்த பனியும் போய்விடும், கூடவே குளிர்காலப் புயல் அலை அடியில் வந்து அரிக்கும். அதனால் மூன்றில் எந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தாலும் உறைபனி உருகும் நாட்களில், பெருமழைக்கு அடுத்த நாட்களில், பாறைக்கு அடியில் இருக்கும் கடற்கரைக்குப் போகவே வேண்டாம். கோடையில் சரிவே நடக்காது என்று அர்த்தம் இல்லை, வாய்ப்பு குறைவு, அவ்வளவுதான்.

சரி, மோன். கடற்கரை ஓரமாக ஆறு கிலோமீட்டர் நீளம், உயரமான இடமான ட்ரோனிங்கஸ்டோலன் கடல்மட்டத்திலிருந்து 128 மீட்டர். மேலே பீச் (beech) என்ற இலையுதிர் மரங்களின் காடு விளிம்பு வரைக்கும் வந்து நிற்கிறது. 2025இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள், ஆகவே கூட்டம் இனிமேல் கூடத்தான் செய்யும். நான் மோனை முதலில் வைப்பதற்குக் காரணம் உயரமோ விருதோ இல்லை. அங்கே கீழே இறங்க முடியும். ஜியோசென்டர் என்ற அருங்காட்சியகத்தின் பக்கத்திலிருந்து மரப் படிக்கட்டு காட்டுக்குள்ளேயே வளைந்து வளைந்து இறங்குகிறது, ஐந்நூறை ஒட்டிய படிகள். கடைசி வளைவு வரைக்கும் இலைகளைத் தவிர ஒன்றும் தெரியாது, திடீரென்று மரங்கள் முடிந்து, தலையை முழுக்கப் பின்னால் சாய்த்தால்தான் உச்சி தெரிகிற ஒரு வெள்ளைச் சுவருக்கு அடியில் நிற்பீர்கள். மேலிருந்து பார்ப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. மேலே நின்றால் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் கடலைத்தான். கீழே நின்றால்தான் பாறையைப் பார்க்கிறீர்கள்.

கீழே போனால் பாறையின் முகத்தில் ஓடுகிற கருப்புக் கோடுகளைக் கவனியுங்கள். அவை சக்கிமுக்கிக் கல் அடுக்குகள். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் நுண்ணுயிர்களின் ஓடுகள் ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற வேகத்தில் படிந்து படிந்து உருவானபோது இந்தக் கோடுகள் மட்டமாகத்தான் இருந்திருக்கும். மோனில் அவை சாய்ந்தும் வளைந்தும், சில இடங்களில் ஏறத்தாழ நேர்க்குத்தாகவும் நிற்கின்றன. பனியுகத்தில் வந்த மாபெரும் பனிப்படலம் கடலடிச் சுண்ணாம்பைத் தகடு தகடாகப் பெயர்த்து ஒன்றின் மேல் ஒன்றாகத் தள்ளி நிறுத்திவிட்டுப் போனதன் தடயம் அது. ஒரே ஒரு கோட்டைக் கண்ணால் பிடித்துக்கொண்டு அது எங்கே வளைகிறது, எங்கே அறுந்துபோகிறது என்று தொடர்ந்து போய்ப் பாருங்கள், பத்து நிமிடம் போவதே தெரியாது. ரூகனிலும் இதே கதைதான், ஆனால் அங்கே இவ்வளவு பக்கத்தில் நின்று பார்க்கிற வசதி குறைவு.

காலடியில் கிடப்பதும் சும்மா கல் இல்லை. கூழாங்கற்களுக்கு நடுவே விரல் நீளத்தில், தேன் நிறத்தில், ஒரு முனை கூராக இருக்கும் துண்டுகள் கிடைக்கும். அவை பெலெம்னைட், கணவாய் இனத்தைச் சேர்ந்த பழங்கால உயிரின் உடலுக்குள் இருந்த கெட்டிப் பகுதி. கல்லாகிப்போன கடல் முள்ளெலிகளும் உண்டு. தளர்ந்து கிடப்பதைப் பொறுக்கலாம், பாறை முகத்தில் கொத்தவே கூடாது. அறிவியல் மதிப்புள்ள அபூர்வப் புதைபடிவம் கிடைத்தால் அதை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று டென்மார்க்கில் சட்டம் இருக்கிறது, டேனெக்ரே என்பார்கள், ஒப்படைப்பவருக்குச் சன்மானமும் உண்டு. குழந்தைகள் கூட வந்தால் இந்தத் தேடலே போதும், கிளம்ப மாட்டார்கள்.

மோனில் நான் சிபாரிசு செய்கிற வழி இது: ஜியோசென்டர் படியில் இறங்கி, கடற்கரையில் தெற்குப் பக்கம் நடந்து, க்ரோரிக் என்ற இடத்திலுள்ள இன்னொரு படியில் ஏறி, காட்டு வழியாகத் திரும்புவது. நிதானமாக நடந்து, நின்று பார்த்து, கல் பொறுக்கி வந்தால் அரை நாள் பிடிக்கும். போவதற்கு முன் அன்றைக்கு எந்தப் படிக்கட்டு திறந்திருக்கிறது என்று ஜியோசென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள், சரிவுக்குப் பிறகு படிகளை மூடிவிடுவது அங்கே வழக்கம். ஈரமான சுண்ணாம்பு களிமண் மாதிரி வழுக்கும், ஷூவின் அடியில் அப்பிக்கொண்டு காய்ந்தபின் லேசில் போகாது, உருண்டைக் கற்களில் கணுக்காலும் பிசகும், ஆகவே செருப்பு வேண்டாம். பாறையை ஒட்டி நடக்காமல் தண்ணீர்ப் பக்கமாக நடங்கள், சாப்பிட உட்காருவதென்றாலும் சுவரில் சாய்ந்து உட்கார வேண்டாம். சிறு கற்கள் தட்தட்டென்று விழும் சத்தம் ஒரே இடத்திலிருந்து விடாமல் கேட்டால் வேடிக்கை பார்க்க நிற்காமல் விலகிவிடுங்கள்.

அப்புறம் தண்ணீர். இங்கிலாந்தின் தெற்குக் கரையில் இதே மாதிரி வெள்ளைப் பாறைகளுக்கு அடியில் நடப்பவர்கள் கடல் ஏறும் இறங்கும் நேர அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவே மாட்டிக்கொள்வார்கள். பால்டிக்கில் அந்த ஏற்ற இறக்கம் மிகமிகக் குறைவு, அந்த வகையில் நிம்மதி. ஆனால் கிழக்குக் காற்று பலமாக அடித்தால் தண்ணீர் பாறையின் கால் வரைக்கும் வந்துவிடும், நடக்க இடமே இருக்காது. 2023 அக்டோபரில் வந்த கிழக்குக் காற்றுப் புயல் ரூகன் தீவிலுள்ள சாஸ்னிட்ஸ் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரையே சேதப்படுத்தியது. வானிலை பார்க்கும்போது மழையை மட்டும் பார்க்காமல் காற்றின் திசையையும் பாருங்கள்.

இப்போது ரூகன். யாஸ்முண்ட் ஜெர்மனியின் மிகச் சிறிய தேசியப் பூங்கா, 1990இல் உருவானது. அங்கே உயரமான பாறை கோனிக்ஷ்டூல், 118 மீட்டர். பீச் காடு 2011இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, அந்தக் காட்டுக்காக மட்டுமே போனாலும் தகும். மோனின் காட்டைவிட இது பெரிது, பழமையான உணர்வு தருவது, விழுந்த மரத்தை விழுந்தபடியே விட்டுவைத்திருக்கிறார்கள், அதன் மேல் காளானும் பாசியும் ஏறி வேறொரு உலகமாகக் கிடக்கிறது. சாஸ்னிட்ஸிலிருந்து கோனிக்ஷ்டூல் வரைக்கும் விளிம்பை ஒட்டி எட்டு கிலோமீட்டர் போல ஒரு நடைபாதை இருக்கிறது, மூன்று தீவுகளிலும் சிறந்த காட்டு நடை என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஒரே ஒரு குறை, வழி நெடுக மரங்கள் மறைப்பதால் வெள்ளைப் பாறை விட்டு விட்டுத்தான் தெரியும்.

கோனிக்ஷ்டூலிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் படிக்கட்டு ஒரு காலத்தில் இருந்தது. சரிவில் சேதமாகி மூடிவிட்டார்கள், திரும்பக் கட்டவில்லை. பாறையின் மேலே இருந்த பழைய பார்வைத் தளத்தையும் அரிப்பு நெருங்கியது. அதனால் 2023இல் புதிதாக ஒரு தொங்கு நடைபாதையைத் திறந்தார்கள். நிலத்தில் பின்னால் தள்ளி ஊன்றிய ஒரு கம்பத்திலிருந்து தொங்குகிற எஃகு வளையம் அது, பாறையின் மேல் பாரத்தை ஏற்றாமல் அந்தரத்தில் சுற்றி வரலாம். இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. பாறையைக் கான்கிரீட் போட்டுக் கட்டிக் காப்பாற்றப் பார்க்காமல், அது இடிகிறபடி இடியட்டும் என்று விட்டுவிட்டு மனிதர்கள் பின்வாங்கியிருக்கிறார்கள். சக்கர நாற்காலியிலும் போகலாம், வயதானவர்களும் கைக்குழந்தையோடு வருபவர்களும் சிரமமில்லாமல் விளிம்புக்கு மேலேயே நின்று பார்க்கலாம். இதற்குக் கட்டணம் உண்டு. கார் நேராக அங்கே போகாது, ஹாகன் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு மூன்று கிலோமீட்டர் காட்டு வழியில் நடக்க வேண்டும், அல்லது பேருந்து பிடிக்க வேண்டும்.

ஆனால் ஒன்று, அந்த நடைபாதையில் நின்றால் நீங்கள் கோனிக்ஷ்டூலின் மேலே நிற்கிறீர்கள், அதன் முகம் உங்களுக்குத் தெரியாது. ரூகனில் பாறையின் முழு முகத்தையும் பார்க்க ஒரே நல்ல வழி படகு. சாஸ்னிட்ஸ் துறைமுகத்திலிருந்து சுற்றுலாப் படகுகள் போகின்றன. தேசியப் பூங்காவுக்குப் போய்விட்டுப் படகை விட்டுவிட்டு வந்தவர்கள்தான் ரூகன் ஏமாற்றிவிட்டது என்று சொல்வார்கள். மோனிலும் கிளிண்ட்ஹோல்ம் துறைமுகத்திலிருந்து படகு உண்டு, அங்கே அது கூடுதல் சந்தோஷம், இங்கே அது கட்டாயம்.

இன்னொரு எச்சரிக்கை. ரூகன் என்று தேடினால் வருகிற படங்களில் பாதி, இன்று இல்லாத விஸோவர் கிளிங்கன் முனைகளுடையவை. 2005க்கு முந்தைய படங்கள் இன்னும் பயணத் தளங்களில் உலவுகின்றன. காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் 1818 வாக்கில் வரைந்த ரூகன் பாறை ஓவியத்தில் இருப்பது இந்த முனைகள்தான் என்றும் பலர் சொல்வார்கள், அதுவும் சரியில்லை, அந்த முனைகள் அவர் காலத்துக்குப் பிறகு அரிப்பில் செதுக்கப்பட்டு உருவானவை. அந்தப் படங்களை நம்பி இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

ஸ்டெவ்ன்ஸைப் பற்றி முதலிலேயே ஒன்று: உயரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அதிகபட்சம் 41 மீட்டர்தான். நீளம்தான் 15 கிலோமீட்டர். காடு விளிம்பில் கவியவில்லை, பெரும்பகுதி வயல்வெளிதான் முடிந்து கடல் தொடங்குகிறது. பிரம்மாண்டம் தேடுபவர்களுக்கு இது மூன்றாவது இடம். ஆனால் இங்கே பனிப்படலம் அடுக்குகளைக் குலைக்கவில்லை. கோடுகள் மட்டமாக, படிந்த வரிசையிலேயே இருக்கின்றன. கீழே மென்மையான வெண்சுண்ணாம்பு, மேலே கெட்டியான சுண்ணக்கல், இரண்டுக்கும் நடுவே சில சென்டிமீட்டர் தடிமனில் சாம்பல் நிறக் களிமண் கோடு. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதிய தருணம் அந்தக் கோடு. அதற்குக் கீழே டைனோசர்கள் இருந்த உலகம், மேலே அவை இல்லாத உலகம். லூயிஸ் ஆல்வரெஸ், அவர் மகன் வால்டர் ஆல்வரெஸ் ஆகியோரின் குழு 1980இல் விண்கல் மோதலைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டபோது, விண்கற்களில் அதிகமாகவும் பூமியின் மேற்பரப்பில் அரிதாகவும் இருக்கிற இரிடியம் என்ற உலோகம் இந்தக் களிமண்ணில் சுற்றியுள்ள கல்லைவிடச் சுமார் 160 மடங்கு இருந்ததைச் சான்றாகக் காட்டியது. 2014இல் உலகப் பாரம்பரியச் சின்னமானதும் இதற்காகத்தான். ஹோயரூப் பழைய தேவாலயத்தின் பக்கத்திலிருந்து செங்குத்தான படியில் இறங்கினால் அந்தக் கோட்டை ஒரு கை தூரத்தில் பார்க்கலாம். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஆளுக்கொரு சிட்டிகை எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது.

அந்தத் தேவாலயத்தையும் சொல்ல வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் கட்டியது, கடலிலிருந்து தப்பிக்க ஒவ்வொரு கிறிஸ்துமஸ் இரவிலும் ஒரு சேவல் ஓர் அடி எடுத்து வைக்கும் தூரம் உள்ளே நகர்ந்துகொள்ளும் என்று அந்த ஊரில் ஒரு கதை உண்டு. 1928இல் பீடம் இருந்த கிழக்குப் பகுதி பாறையோடு சேர்ந்து கடலில் விழுந்தது. மிச்சம் இன்னும் நிற்கிறது, கதவு வழியாக நுழைந்து நேரே நடந்தால், பீடம் இருந்த இடத்தில் இப்போது ஒரு சிறிய மேல்மாடம், அதற்கப்பால் கடல். அரிப்பு என்றால் என்ன என்று மூன்று தீவுகளில் இதைவிடத் தெளிவாகக் காட்டுகிற இடம் வேறில்லை.

ஸ்டெவ்ன்ஸில் ஆபத்தின் விதமும் வேறு. கீழே மென்கல், மேலே வன்கல் என்பதால் கடல் அடியைக் குடைந்துவிடுகிறது, மேற்பகுதி கூரை போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மேலே புல்லில் நிற்பவருக்குக் காலுக்கடியில் ஒன்றுமில்லை என்பது தெரியவே தெரியாது. படத்துக்காக விளிம்புக்குப் போவதில் மூன்றிலும் மிக மோசமான இடம், உயரம் குறைவாகத் தெரிகிற இந்த இடம்தான் என்று நினைக்கிறேன்.

போய்ச் சேரும் வழி என்று பார்த்தால் ஸ்டெவ்ன்ஸ்தான் சுலபம். கோபன்ஹேகனிலிருந்து கேயே வழியாக ரோட்விக் வரைக்கும் ரயில், அங்கிருந்தே விளிம்புப் பாதை தொடங்கிவிடுகிறது. காரில் ஒரு மணி நேரம் போல. மோனுக்கு ரயிலில் வோர்டிங்போர்க், பிறகு பேருந்தில் ஸ்டேகே, அங்கிருந்து பாறை வரைக்குமான பேருந்து கோடையில்தான் ஒழுங்காக ஓடும். கார் இருந்தால் நல்லது. ரூகனுக்குப் பாலம் உண்டு, ரயில் ஸ்ட்ரால்சுண்ட் வழியாக சாஸ்னிட்ஸ் வரைக்கும் போகும், கார் இல்லாதவர்களுக்கு இது வசதி. செலவு விஷயத்தில் டென்மார்க்கில் தங்குவதும் சாப்பிடுவதும் ஜெர்மனியைவிடக் கூடுதல், ஆனால் மோனில் பாறையையும் கடற்கரையையும் பார்க்கக் கட்டணம் கிடையாது, கார் நிறுத்தவும் அருங்காட்சியகத்துக்கும் மட்டும்தான்.

எந்தத் தீவானாலும் காலையில் போங்கள். மூன்றும் கிழக்குப் பார்த்தவை, காலை வெயில் நேராக முகத்தில் விழும்போதுதான் அந்த வெள்ளை கண்ணைக் கூசும். மதியத்துக்குப் பிறகு முகம் நிழலுக்குள் போய்ச் சாம்பல் பூத்துவிடும். கோபன்ஹேகனிலிருந்து காலையில் கிளம்பி மதியம் மோனுக்குப் போய்ச் சேர்ந்தால் பாதிதான் பார்த்ததாகக் கணக்கு, ஆகவே முந்தைய இரவு ஸ்டேகேயிலோ கிளிண்ட்ஹோல்மிலோ தங்குங்கள். தங்கினால் இன்னொரு லாபம், வெளிச்ச மாசு குறைவான வானத்துக்காக 2017இல் சர்வதேச அங்கீகாரம் பெற்ற தீவு அது. மாதம் என்றால் மே நடுவிலிருந்து ஜூன் வரை. பீச் இலைகள் புதிதாக இருக்கும், மோனில் காட்டு ஆர்க்கிட் பூக்கும், வல்லூறுகள் பாறையில் கூடு கட்டியிருக்கும், பள்ளி விடுமுறைக் கூட்டமும் இன்னும் வந்திருக்காது.

நான்கு நாள் இருந்தால் ஸ்டெவ்ன்ஸையும் மோனையும் சேர்த்துப் பாருங்கள், அந்த இணைதான் சிறந்தது. முதலில் ஸ்டெவ்ன்ஸில் மட்டமான கோடுகள், அடுத்து மோனில் அதே மாதிரிக் கோடுகள் வளைந்து நொறுங்கிக் கிடப்பது, இந்த வரிசையில் பார்த்தால் பனிப்படலம் என்ன செய்தது என்பது யாரும் விளக்காமலே புரியும். மோனுக்கும் ரூகனுக்கும் நடுவே நேர்கோட்டில் நூறு கிலோமீட்டர்கூட இல்லை என்பதைப் பார்த்துவிட்டு இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். நேரடிப் படகு இல்லை. பக்கத்துத் தீவான ஃபால்ஸ்டரின் கெட்ஸர் துறைமுகத்திலிருந்து ரோஸ்டோக்குக்கு இரண்டு மணி நேர ஃபெர்ரி, அங்கிருந்து மறுபடி ரயிலிலோ காரிலோ சாஸ்னிட்ஸ் வரைக்கும் போக வேண்டும், நடுவில் ஒரு நாள் பயணத்திலேயே போய்விடும். ஒரு வாரம் கையில் இருப்பவர்கள் மட்டும் ரூகனைச் சேர்த்துக்கொள்ளுங்கள், சேர்த்தால் சாஸ்னிட்ஸில் இரண்டு இரவு தங்குங்கள், ஒரு காலை படகுக்கு, இன்னொரு காலை காட்டு நடைக்கு.